76 நிமிடமா, 11 நிமிடமா: பராமரிப்பு நேரக் கணக்கு

இந்திய ஆண்கள் வீட்டில் குழந்தைகள், முதியோர் போன்றோரைக் கவனிக்க ஒரு நாளில் செலவிடுவது 76 நிமிடமா, உங்கள் தோழி சொல்லும் 11 நிமிடமா என்று ஆய்வேட்டுக்காகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு எண்ணும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வரும் 76 நிமிடம், கணக்கில் எடுத்த நாளில் வீட்டாருக்காகச் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. உங்கள் தோழி போட்ட 11, அந்த வேலையைத் தொடாதவர்களையும் சேர்த்து வருவது.

நீங்களே சரிபார்க்கலாம். அன்று அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 14%. 76 × 0.14 = 10.6. பெண்களுக்கு 27.6%, 134 நிமிடம். பெருக்கினால் சுமார் 37. முதல் கணக்கில் இடைவெளி இரண்டு மடங்குக்கும் குறைவு, இரண்டாவதில் மூன்றரை மடங்கு! ஆய்வேட்டில் 76-ஐ மட்டும் போட்டால், குழந்தையைத் தொடாத வீட்டு ஆண்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள். தயவுசெய்து பங்கேற்பு சதவீதத்தையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. இது 6 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்குமான கணக்கு; பள்ளிப் பிள்ளைகளும் தாத்தாக்களும் இதில் அடக்கம். முதியோரைக் கவனிப்பதும் இதே தலைப்பில்தான் வரும். அதனால் "இந்திய அப்பாக்கள்" என்று எழுத இது போதாது. ஆயாவுக்கோ குழந்தைகள் காப்பகத்துக்கோ ஆகும் செலவும் இதில் கிடைக்காது. அதற்குக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.