கோச் வைத்தால் தலைமை வருமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

வேலைத்தலத்தில் பெண்கள் முன்னுக்கு வர ஒரு தனிப்பட்ட கோச் (கேள்வி கேட்டு ஆளைத் தானாக யோசிக்க வைக்கும் பயிற்றுநர்) எவ்வளவு உதவுவார் என்று சில இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். திருகோணமலை மாவட்டத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, நான் நகரத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் உதவி முகாமையாளர். எனக்குக் கீழே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்த ஆண்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் ஒன்றைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொருவர் சொன்னால் 'நல்ல யோசனை' என்கிறார்கள். வருட மதிப்பீட்டில் முகாமையாளர் 'வேலை நல்லம், இன்னும் கொஞ்சம் ஆளுமை வேணும்' என்று எழுதியிருக்கிறார். கொழும்பில் இருக்கும் தோழி ஒரு கோச்சுடன் சூமில் கதைக்கிறாள், நீயும் ஒருவரைப் பிடி என்கிறாள். பிரயோசனம் இருக்குமா?
— உவர்மலை வாசகி

இருக்கும் தங்கச்சி, ஆனால் கோச்சிடம் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். 'ஆளுமை வேணும்' என்ற அந்த வரியைத் தூக்கிக்கொண்டு போனால் மூன்று மாதமும் காசும் காற்றோடு போய்விடும், ஏனென்றால் அதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி கொரல், கரோலின் சிமார்ட் என்ற இரண்டு பேர் தொழில்நுட்ப நிறுவனங்களின் மதிப்பீட்டுத் தாள்களை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள்: பெண்களுக்குக் கிடைக்கும் பாராட்டும் சரி குறையும் சரி பொத்தாம்பொதுவாக இருக்கிறது, ஆண்களுக்கோ 'இதைச் செய், இதில் இந்தப் பலன் வந்தது' என்று குறிப்பாகச் சொல்லப்படுகிறது. உங்கள் முகாமையாளர் எழுதியதும் அந்த ரகம்தான். ஆகவே கோச்சைத் தேடுவதற்கு முதல் அவரிடமே போய், "சேர், எந்தக் கூட்டத்தில் நான் என்ன செய்திருந்தால் உங்களுக்கு அது ஆளுமையாகத் தெரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் தடுமாறுவார், தடுமாறட்டும்.

அப்புறம் கோச். அவர் புத்தி சொல்ல மாட்டார், நல்லவராக இருந்தால். 1970களில் திமதி கால்வே என்ற அமெரிக்க டெனிஸ் பயிற்றுநர், தான் கட்டளைகளைக் குறைக்கக் குறைக்க ஆடுபவர் வேகமாகக் கற்றுக்கொள்வதைக் கண்டார். வேலைத்தலக் கோச்சிங்கில் பாதி அந்த மைதானத்திலிருந்து வந்ததுதான். பிறகு ஜோன் விட்மோர் என்ற ஆங்கிலேயர், பழைய கார்ப் பந்தய வீரர், அதை நாலு படியாகப் பரப்பினார்: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய். கேட்க இவ்வளவுதானா என்றிருக்கும். ஒரு உண்மையான சம்பவத்தை வைத்துக் கேட்கும்போதுதான் கடிக்கும்.

உதாரணமாக, போன திங்கள் சொன்னதை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள் என்பார். நீங்கள் சொல்வீர்கள்: "சேர், இது சரியோ தெரியாது, சும்மா ஒரு யோசனைதான், மற்ற ஆக்கள் என்ன நினைக்கிறீங்களோ, நிலாவெளிப் படகுக்காரருக்கு மழைக்காலத்தில் உழைப்பு இல்லைதானே, தவணையை மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கூட்டி வாங்கிக்கொண்டு மாரியில் குறைத்தால்…" கோச் கேட்பார்: "இதில் யோசனை எங்கே தொடங்குகிறது?" அவ்வளவுதான் கேள்வி. நிலாவெளிக்கு முன்னால் மூன்று மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னொருவர் சொல்லிக் காட்டினால் ரோசம் வரும், தானாகக் கண்டால் அடுத்த திங்களுக்கு முதல் திருத்திவிடுவோம். பிறகு எத்தனையோ வழி உங்களுக்கே தோன்றும்: கூட்டத்துக்கு முதல் நாளே கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவது, மூத்தவர்களில் ஒருவரிடம் தனியாகக் கதைத்து வைப்பது, யாராவது உங்கள் யோசனையைத் தன்னுடையதாகச் சொன்னால் "ஓம், நான் சொன்னதை அண்ணா நல்லா விளக்கினார், இதை நானே பொறுப்பெடுக்கிறன்" என்று சிரித்துக்கொண்டே திருப்பி வாங்குவது. எதைச் செய்வது என்று முடிவெடுப்பது நீங்கள். அடுத்த அமர்வில் கோச் கேட்கும் முதல் கேள்வி, செய்தீர்களா என்பதாக இருக்கும். எனக்குத் தெரிய, ஆட்களை மாற்றுவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற நெருக்கடிதான்.

இது வெறும் பேச்சில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள் வேலைத்தலக் கோச்சிங் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். வேலைத்திறன், மனநலம், நெருக்கடியைச் சமாளிப்பது, வைத்த இலக்கை விடாமல் பிடிப்பது எல்லாவற்றிலும் பலன் தெரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் மன்னிப்புக் கேட்காமல் நேராகக் கதைக்கத் தொடங்கியதும் 'வாய்க்காரி' என்ற பட்டம் வரும். அதைக் கோச்சால் தடுக்க முடியாது, கூட்டத்தை நடத்துகிறவர்தான் தடுக்க வேண்டும். யோசனை யாருடையது என்று குறிப்பேட்டில் பெயரோடு எழுதுங்கள் என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. கூட்டம் அப்படியே இருக்க உங்களை மட்டும் திருத்த அனுப்பும் அலுவலகம், பிழை முழுவதையும் உங்கள் தலையில் கட்டுகிறது என்றுதான் அர்த்தம்.

என் மனைவி ஒரு பாடசாலையில் பிரதி அதிபர். மாதம் இரண்டு தரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கோச்சோடு ஒரு மணித்தியாலம் போனில் கதைக்கிறா. என்ன கதைக்கிறீர் என்றால் அது இரகசியம் என்கிறா. வீட்டு விஷயமெல்லாம் வெளியே போகாதா?
— பாலையூற்று வாசகர்

போகாது தம்பி. இரகசியம் காப்பது அந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம், வீட்டுக்குச் சொல்லாததை வெளியிலும் சொல்ல மாட்டார்கள். அவ அங்கே உங்களைப் பற்றி முறையிடுகிறா என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் நேரசூசியும், விடுப்பில் நிற்கும் ஆசிரியர்களும், அடுத்த அதிபர் நேர்முகப் பரீட்சையும்தான் கதையாக இருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியையும் நீங்களே போட்டீர்கள் என்றால், கோச்சுக்குக் கொடுக்கும் காசில் பாதிப் பலன் உங்களால் வந்ததாகக் கணக்கு வைக்கலாம்.

நான் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. சாதாரண தரம் வரைதான் படித்தேன். கோச்சுக்குக் கொடுக்கக் காசில்லை. சங்கத்தில் சுழற்சிக் கடன் எடுத்த என் சொந்த மச்சாள் மாதக்கணக்காகக் கட்டவில்லை. கேட்டால் குடும்பம் உடையும், கேட்காவிட்டால் சங்கம் உடையும். என்ன செய்ய?
— மூதூர் வாசகி

உங்கள் கேள்விதான் எனக்கு இந்த முறை மிகப் பிடித்தது, ஏனென்றால் தலைமை என்று ஆட்கள் மேடையில் கதைப்பதெல்லாம் கடைசியில் இந்த மச்சாள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்கிறது.

காசில்லாத கோச்சிங் இருக்கிறது. ரெக் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1940களில் நிலக்கரிச் சுரங்க முகாமையாளர்களைச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்தார். வெளியிலிருந்து நிபுணர் யாரும் வரவில்லை. ஒருவர் தன் சிக்கலைச் சொல்ல மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்டார்கள். அதையே நீங்கள் மூன்று பேர் செய்யலாம். உங்கள் சங்கத்து ஆட்களாக இருக்கக் கூடாது, சொந்தமாகவும் இருக்கக் கூடாது. கிண்ணியாவில் ஒரு சங்கத் தலைவி, சம்பூரில் ஒருவர், நீங்கள். வழியில் பாலங்கள் வந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்துக் கிடக்கும் கதையும் இல்லை, மாதம் ஒருமுறை நேரில் சந்திக்கலாம், இடையில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவருடைய சிக்கல் மட்டும். முதல் அரை மணித்தியாலம் யாரும் புத்தி சொல்லக் கூடாது (இதுதான் பெரிய பாடு, எங்கள் ஊரில் புத்தி சொல்லாமல் இருக்க ஒருவராலும் முடியாது). கேள்வியையும் 'ஏன்' என்று தொடங்க வேண்டாம். "ஏன் இவ்வளவு நாளும் கேட்கவில்லை?" என்றால் அது விசாரணை, ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். 'என்ன', 'எப்படி', 'யார்' என்று தொடங்குங்கள். முடியும்போது அடுத்த சந்திப்புக்குள் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் அந்தக் குழுவில் இருந்தால் கேட்கக்கூடியவை: மச்சாள் கட்டவில்லை என்பது சங்கத்தில் யார் யாருக்குத் தெரியும்? வேறொரு அங்கத்தவர் இவ்வளவு நாள் கட்டாமல் விட்டிருந்தால் யாப்புப்படி என்ன செய்திருப்பீர்கள்? அவவிடம் போகப்போவது தலைவியா, மச்சாளா? மூன்றாவது கேள்வியில் நீங்கள் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சில தலைவிகள் இரண்டையும் பிரித்துவிடுவார்கள்: நிலுவை உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் செயலாளரும் பொருளாளரும் கொண்டுபோவது, தான் வேறொரு நாளில் மச்சாளாக மட்டும் போய்க் காசுக் கதையே எடுக்காமல் சுகம் விசாரித்து வருவது. இன்னும் சிலர் நேரே போய்த் தவணையை மாற்றிப் பேசி முடிப்பார்கள். உங்களுக்கு எது சரி என்று எனக்கு இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் மச்சாளை எனக்குத் தெரியாதே.

பிரதேச சபைக்குப் பட்டியல் மூலம் தெரிவானேன். 'கோட்டாவில வந்தவ' என்று சபையிலேயே சொல்கிறார்கள். பாதீட்டு விவாதத்தில் வாயே திறக்கவில்லை. எனக்குத் தகுதி இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு கோச் தன்னம்பிக்கை தருவாரா?
— தம்பலகாமம் வாசகி

முதலில் அந்தக் குத்தலுக்குப் பதில். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்து 2018 தேர்தலில் முதன்முறை நடைமுறையானது. 1960இல் உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைக் கொடுத்த நாடு இதற்கு இவ்வளவு காலம் எடுத்தது என்பதை யாரும் சபையில் சொல்வதில்லை. இன்னொன்று, வட்டாரத்தில் வென்று வருவது 60 வீதம், மிச்சம் 40 வீதம் பட்டியல். பட்டியலில் வந்த ஆண்களும் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லையே.

தகுதி இல்லையோ என்ற உணர்வைப் பற்றிப் போலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இலேயே எழுதிவிட்டார்கள், அதுவும் படிப்பிலும் தொழிலிலும் சாதித்த பெண்களைப் பார்த்து. ஆக அந்தச் சந்தேகம் திறமையின்மைக்கு அத்தாட்சி இல்லை. ஆனாலும் நேராகச் சொல்கிறேன்: பாதீட்டில் நீங்கள் கதைக்காததற்குக் காரணம் தன்னம்பிக்கை இல்லாதது மட்டுமா, பாதீட்டை வாசிக்கத் தெரியாததா? இரண்டாவது என்றால் உங்களுக்கு இப்போது தேவை கோச் இல்லை, விஷயம் தெரிந்த ஒருவர். 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தையும் சபையின் நிலையியற் கட்டளைகளையும் (கூட்டம் நடத்தும் விதிகள்) எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற சபைச் செயலாளர் ஒருவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்காருங்கள். வருமானத் தலைப்பு எது, செலவுத் தலைப்பு எது, உங்கள் வட்டார வடிகானுக்கு ஒதுக்கியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தால் குரல் பாதி தானாக வரும். மிச்சப் பாதிக்குக் கோச்சைத் தேடலாம். உங்கள் கட்சியில் உங்களுக்காக வாய் திறக்கும் மூத்தவர் ஒருவரும் வேண்டும், நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்வதற்கு. அது கோச்சின் வேலை இல்லை.

மேலதிகாரி இரவில் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறார். முறையிட்டேன். 'எல்லையை எப்படி வகுப்பது என்று ஒரு கோச்சிங் எடுங்கோ' என்கிறார்கள்.
— பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி

எடுக்க வேண்டாம். இது குற்றம். பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இருக்கிறது, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் செய்வதும் அதில் அடங்கும். செய்திகளை அழிக்காமல் திகதியோடு படம் பிடித்து வேறொரு இடத்தில் வையுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்திருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் தாங்கவில்லை என்றால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

ஓய்வு பெற்ற அதிபர் நான். முகநூலில் 'குறுகிய காலத்தில் தலைவியாக்குகிறோம்' என்று விளம்பரங்கள் வருகின்றன. அவர்களில் நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நானே கோச் ஆகலாமா?
— சாம்பல்தீவு வாசகி

ரீச்சர், கோச் என்று பலகை போட இங்கே உரிமம் எதுவும் தேவையில்லை, அதுதான் தொல்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம் சான்றிதழ் தருகிறது. முதல் படிக்கு 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியாலம் ஆட்களோடு செய்த அனுபவமும், அடுத்ததற்கு 500, உச்சப் படிக்கு 2500 மணித்தியால அனுபவமும் கேட்கிறார்கள். சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் உண்டு, ஆனால் எத்தனை மணித்தியாலம் செய்தீர்கள் என்று கேட்டால் கோபப்படுகிறவரை விட்டுவிடுங்கள். முதல் உரையாடலை இலவசமாகத் தரச் சொல்லுங்கள். அதில் அவர் அதிகம் கதைத்தாரா நீங்களா என்று பாருங்கள். காசு அலுவலகம் கொடுக்கிறதென்றால், அலுவலகத்துக்கு என்ன அறிக்கை போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிவு திகதி சொல்லாமல் மாதாமாதம் காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

நீங்கள் ஆகலாமா என்றால், ஆகலாம், பாடசாலை நடத்திய அனுபவம் சின்ன முதல் இல்லை. ஆனால் அதிபராக இருந்த காலம் முழுக்க எதிரே நிற்பவருக்கு விடை சொல்லித்தான் பழகியிருப்பீர்கள். உங்களிடம் படித்த இளம் ஆசிரியை யாரையாவது கூப்பிட்டு, ஒரு மணித்தியாலம் அவருடைய பிரச்சினையைக் கேளுங்கள், ஒரு தரமும் "நான் என்றால்…" என்று தொடங்காமல். அது முடிந்தால் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.