கனடா பல்கலைக்கழகங்களில் 'இண்டிஜினைசேஷன்' (பூர்வகுடிகளின் வரலாற்றையும் அறிவையும் கல்விக்குள் கொண்டுவருவது) என்கிறார்களே, அது வெறும் சடங்குதானா?

பாதி சடங்குதான், மறுக்க மாட்டேன். எந்தக் கூட்டமானாலும் ஒருவர் எழுந்து, "நாம் கூடியிருப்பது ஒப்பந்தம் 6 நிலத்தில்" என்று தாளைப் பார்த்து வாசிப்பார் (1876-இல் பூர்வகுடிகளோடு அரசு போட்ட நில ஒப்பந்தம் அது). ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். எட்மன்டனில் முதுகலை சேர்ந்த புதிதில் நானும் அதை அப்படித்தான் காதில் வாங்கிக்கொண்டேன். மீதிப் பாதி புரிந்தது, வியாழக்கிழமை மதியங்களில் கேம்பஸில் கூடிய ஒரு சின்னக் கலந்துரையாடல் குழுவில்.

உண்மையைச் சொன்னால் நான் போனது சூப்புக்காக. ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 27. நோட்டீஸில் 'சமூக நீதி, பூர்வகுடிமயமாக்கல். சூப்பும் பானக் ரொட்டியும் உண்டு' என்று போட்டிருந்தது. சமூக நீதியைப் பற்றி நமக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற தமிழ்நாட்டுத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

முதல் நாளே அசடு வழிந்தேன். க்ரீ என்ற பூர்வகுடி இனத்து மாணவி ஒருவர், "நான் ரிசர்வில் வளர்ந்தவள்" என்றார். நம் காதுக்கு அது இட ஒதுக்கீடாகத்தானே கேட்கும்? "எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டேன். மேசையில் சத்தமே இல்லை. அப்புறம் அவரே சிரித்துவிட்டு விளக்கினார். பூர்வகுடிகளுக்கு என்று அரசு அளந்து ஒதுக்கிய நிலத்துண்டுதான் ரிசர்வாம். ஒப்பந்தம் 6-இன் கணக்கு, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல். மற்ற நிலமெல்லாம் அரசுக்கு.

குழுவில் யாரும் பாடம் நடத்தவில்லை. வாரம் ஒரு ஆவணத்தைச் சத்தமாக வாசிப்போம், பேசுவோம், அவ்வளவுதான். ஒரு வாரம் 1876-இன் இந்தியன் சட்டம் (அங்கே 'இந்தியர்' என்றால் பூர்வகுடிகள்). அதில் ஒரு பிரிவு: பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால், 'இந்தியர்' என்ற சட்ட அந்தஸ்து தானாகவே போய்விடும். பட்டம் வேண்டுமா, சொந்த ஜனம் வேண்டுமா என்று கேட்கிற சட்டம். சில வருடங்களில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து அதை வாசிக்கும்போது சூப் ஆறிப்போனது தெரியவில்லை.

இன்னொரு வாரம் உறைவிடப் பள்ளிகள். சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள். கடைசிப் பள்ளியை மூடியது 1990-களில். நான் பிறந்த பிறகு! தப்பிப் பிழைத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், சமரச உடன்பாடு வந்தது, அதிலிருந்து உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வந்தது. அந்த ஆணையம் 2015-இல் 94 செயல்களைச் செய்யச் சொன்னது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் வேகமாக அசைந்தன. வின்னிபெக், லேக்ஹெட் இரண்டும் 2016-இலிருந்து பூர்வகுடிகள் பற்றிய ஒரு பாடத்தையாவது எல்லா இளநிலை மாணவர்களும் படித்தாக வேண்டும் என்றன. ஆக, இது யாரும் தானாகத் திருந்தி ஆரம்பித்த வேலை இல்லை.

(ஒரு நாள் க்ரீ மூத்தவர் ஒருவர் வந்தார். கேள்வி கேட்கும் முன் அவர் கையில் புகையிலை வைத்தார்கள். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.)

அந்த மாணவி ஒருமுறை நீல நிற ஐந்து டாலர் நோட்டு ஒன்றை மேசையில் வைத்தார். மடிப்புக் கலையாத புது நோட்டு. ஒப்பந்தம் 6-இன்படி அரசு பூர்வகுடிகளுக்குத் தருவது வருடத்துக்கு ஆளுக்கு 5 டாலர். 1876-இல் எழுதிய தொகை, இன்றும் அதே ஐந்துதான். "இன்றைக்கு என் பார்க்கிங்குக்கே இது பத்தாது" என்றார்.

அப்புறம்தான் எனக்கான வாரம் வந்தது. அவரவர் குடியிருக்கும் இடத்தின் கதையைத் தேடிக்கொண்டு வர வேண்டும். நான் எட்மன்டனின் மில் வுட்ஸ் பகுதியில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். குருத்வாரா, கறிவேப்பிலை கிடைக்கும் கடை என்று நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. புதுசாகக் கட்டிய புறநகர், இதற்கு என்ன கதை இருக்கப்போகிறது என்று அலட்சியமாகத்தான் தேடினேன்.

அது பபஸ்சேஸ் என்ற பூர்வகுடி மக்களின் ரிசர்வாக இருந்த இடம். ஏறத்தாழ 40 சதுர மைல். எட்மன்டன்காரர்களுக்கு அந்த நிலத்தின் மேல் கண். 1880-களில் பசியும் நெருக்கடியும் சேர்ந்து மக்கள் கலைந்துபோக, 1888 நவம்பரில் நாலு நாள் நோட்டீஸில் ஒரு கூட்டம் போட்டு, மூன்றே பேரிடம் கையெழுத்து வாங்கி மொத்தத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. வாரிசுகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008-இல் காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது.

இதைக் குழுவில் வாசித்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்த மாணவி ஒன்றுதான் கேட்டார்: "வாடகை எவ்வளவு?"

750 என்றேன். ஹீட்டிங் தனியாகவா என்றார்.