ஆன்லைன் ஹை ஸ்கூல் டிப்ளமாவ காலேஜ் மதிக்குமா?

கலிஃபோர்னியால இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் 9வது முடிக்கப் போறான், டென்னிஸ்ல ரொம்ப தீவிரம், பகல்லயும் பிராக்டிஸ் இருக்கறதால ஆன்லைன் ஹை ஸ்கூல்ல போடலாமான்னு பார்க்கறாங்க, ஆனா தெரிஞ்சவங்க எல்லாம் "அந்த டிப்ளமாவ எந்த காலேஜும் சீந்தாது"ன்னு பயமுறுத்துறாங்களாம். (டிப்ளமான்னா அங்க ஹை ஸ்கூல் முடிச்சதுக்கான சர்டிஃபிகேட்.)

அப்படி ஒட்டுமொத்தமா சொல்லிட முடியாதுங்க. ஃப்ளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல் 1997லயே ஆரம்பிச்சது, அது அந்த மாநிலத்தோட பப்ளிக் ஸ்கூல். ஸ்டான்ஃபோர்ட் ஆன்லைன் ஹை ஸ்கூல் 2006ல இருந்து நடக்குது, அங்க சீட் வாங்கறதே கஷ்டம். இந்த மாதிரி இடத்துல படிச்ச பசங்கள ஆன்லைன்ங்கற ஒரே காரணத்துக்காக யாரும் ஒதுக்கறதில்ல. காலேஜ் பார்க்கறது டிப்ளமா பேப்பர விட டிரான்ஸ்கிரிப்ட்ட (என்ன பாடம் எடுத்தான், என்ன கிரேடுன்னு இருக்கற பட்டியல்), அப்புறம் அதைக் கொடுத்த ஸ்கூலுக்குப் பின்னாடி யார் நிக்கறாங்கன்னு.

அப்போ இந்தக் கெட்ட பேரு எங்கிருந்து வந்துச்சுன்னா, டிப்ளமா விக்கிற கடைங்களால. 2014ல ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோர ஏமாத்தறவங்க மேல நடவடிக்கை எடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு) ஒரு கும்பல கோர்ட்டுக்கு இழுத்துச்சு, ஆன்லைன் ஹை ஸ்கூல்னு பேரு வச்சுக்கிட்டு ஒரு டெஸ்ட் வச்சு 200ல இருந்து 300 டாலருக்கு டிப்ளமா வித்து 1.1 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சிருக்காங்கன்னு. அத வாங்கிட்டுப் போன பசங்க காலேஜ்லயும் வேலைலயும் மிலிட்டரிலயும் திருப்பி அனுப்பப்பட்டப்ப தான் விஷயமே புரிஞ்சிருக்கு. ஆன்லைன்னு சொன்னாலே சிலர் புருவத்தத் தூக்கறதுக்கு இதுதான் முக்கியக் காரணம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது அக்ரெடிடேஷன், அதாவது ஸ்கூலோட தரத்த ஒரு வெளி அமைப்பு சோதிச்சுக் கொடுக்கற அங்கீகாரம். அதைக் கொடுக்கற அமைப்புங்க உங்க பக்கம் வாஸ்க், மத்த இடங்கள்ல காக்னியா, மிடில் ஸ்டேட்ஸ், இதெல்லாம் காலேஜ்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேருங்க. ஸ்கூல் தன்னோட சைட்ல லோகோ போட்டிருக்கறத நம்பாதீங்க, அக்ரெடிடேஷன் கொடுத்த அமைப்போட சைட்டுக்கே போய் ஸ்கூல் பேரத் தேடுங்க, ஏன்னா போலி ஸ்கூல் தனக்குன்னு ஒரு போலி அமைப்பையும் சேர்த்தே உருவாக்கிக்கும் (மேல சொன்ன மாதிரி கேஸ்கள்ல இது சகஜம்). இன்னொண்ணு, "அமெரிக்கக் கல்வித்துறை அங்கீகாரம் பெற்ற ஹை ஸ்கூல்"னு எங்கயாவது விளம்பரம் பார்த்தா அப்படியே எழுந்து போயிடுங்க. கல்வித்துறை ஹை ஸ்கூலுக்கு அங்கீகாரம் கொடுக்கறதே கிடையாது.

உங்க பையன் விஷயத்துல இதுக்கு மேலயும் ரெண்டு வாசல் இருக்கு, பல பேரு கோட்டை விடறது இங்க தான். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) காலேஜ் எண்ணம் இருந்தா ஏ-ஜி லிஸ்ட்ல, அதாவது யூசி ஒத்துக்கற ஹை ஸ்கூல் பாடங்களோட லிஸ்ட்ல, 15 பாடம் வேணும், ஸ்கூலுக்கு அக்ரெடிடேஷன் இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது, அவன் எடுக்கற ஒவ்வொரு பாடமும் அந்த ஸ்கூல் பேர்ல அந்த லிஸ்ட்ல இருக்கான்னு யூசி சைட்லயே தேடிப் பார்க்கணும், சயின்ஸ் லேப் எப்படி நடத்துறாங்கன்னும் சேர்த்துக் கேட்டுருங்க. டென்னிஸ் மூலமா காலேஜ் டீம்ல சேரணும்னா என்சிஏஏ (காலேஜ் விளையாட்டுக்கு விதி போடற அமைப்பு) தனி. அதோட மேல் பிரிவான டிவிஷன் ஒண்ணுக்கு 16 கோர் பாடம் (இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் மாதிரி முக்கியப் பாடம்) வேணும், ஆன்லைன் பாடம்னா டீச்சர் பசங்களோட தொடர்ந்து பேசணும், திருத்தணும், பாடத்துக்கு ஒரு கால அளவு இருக்கணும், பசங்க பாடத்தத் தாண்டித் தாண்டிப் போய் பரீட்சை எழுதி முடிச்சிட்டா ஒத்துக்க மாட்டாங்க. 2014ல ஒரே கம்பெனி நடத்தின 24 ஸ்கூலோட பாடங்கள இனிமே எடுத்துக்க மாட்டோம்னு என்சிஏஏ சொல்லிடுச்சு, அங்க படிச்சிட்டிருந்த ஸ்போர்ட்ஸ் பசங்க பாவம். பணம் கட்டறதுக்கு முன்னாடி பாருங்க, கட்டினப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல.

சாதாரண ஸ்கூலோட ஒப்பிட்டா நெஜமாவே இடிக்கிற இடம்னு நான் சொல்றது ரெக்கமெண்டேஷன் லெட்டர். பையன நேர்ல பார்க்காத, முன்னூறு பேர்ல ஒருத்தனா மட்டும் தெரிஞ்ச டீச்சர் என்னத்த எழுதுவாங்க, "அசைன்மெண்ட்ட நேரத்துக்கு அனுப்புவான்"ங்கற அளவுல தான் இருக்கும். லைவ் கிளாஸ் நடத்துற, கிளாஸ்ல ஆள் கம்மியா இருக்கற ஸ்கூலா பாருங்க, ரெக்கார்டட் வீடியோவும் க்விஸ்ஸும் மட்டும்னா எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, எவ்ளோ சீப்பா இருந்தாலும்.

மார்க்குக்கு வெளியில இருந்து ஒரு சாட்சி இருந்தாலும் நல்லது. ஏபி எக்ஸாம் (ஹை ஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடத்துக்கு எழுதற பொதுப் பரீட்சை) நல்லா எழுதினா டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கற ஏ கிரேடு சும்மா போட்டதில்லன்னு தெரியும். யூசி அட்மிஷனுக்கு சாட் (எஸ்ஏடி நுழைவுத் தேர்வு) ஸ்கோர பார்க்கறதில்ல, ஆனா எம்ஐடி மாதிரி சில இடங்கள்ல அதைத் திரும்பக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஏபி எக்ஸாம் மே மாசம் தான், ஆனா ஆன்லைன் ஸ்கூல் பையனுக்கு சென்டர் நீங்களே தேடணும், பக்கத்து ஹை ஸ்கூல் ஏபி கோஆர்டினேட்டர்கிட்ட செப்டம்பர்லயே பேசிடுங்க, பதிவு அந்த வருஷக் கடைசிக்குள்ளயே முடிஞ்சிடும்.

வேலை விஷயம் பெரிய கவலையே இல்ல, டிகிரி வாங்கினப்புறம் ஹை ஸ்கூல் எங்கன்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி.

ஒரு வருஷம் பார்த்துட்டு ஒத்து வரலன்னா திரும்ப சாதாரண ஸ்கூலுக்கு வந்துடலாம்னு மனசுல வச்சிருந்தீங்கன்னா, உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்க ஏரியா பப்ளிக் ஸ்கூல்கள நடத்துற அமைப்பு) அந்த ஆன்லைன் கிரெடிட்ட முழுசா ஏத்துக்குமான்னு இப்பவே ஸ்கூல் கவுன்சிலருக்கு மெயில் போட்டு பதில எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. வாய்ல "பார்த்துக்கலாம்"னு சொன்னவரு அடுத்த வருஷம் அந்த சீட்ல இருப்பாரான்னு யாருக்குத் தெரியும்.