15 மாதத்தில் நர்ஸ் ஆகலாமா? தங்கச்சிமடத்து அண்ணனுக்கு ஒரு பதில்

அண்ணே, வணக்கம். நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். கடற்கரைக் காற்று பாதியை விழுங்கிவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டாள். ராமநாதபுரத்தில் ஒருவர், “டிகிரி கையில் இருந்தால் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் நர்சிங் பட்டம், முடித்த கையோடு வேலை, அடுத்து கிரீன் கார்டு” என்று சொல்லி 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். விசைப்படகில் உங்களுக்கு இருக்கும் பங்கைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் 15 படகு இறங்குவதற்குள் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள்.

சொல்லிவிடுகிறேன். பங்கை விற்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் மகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த ஆள் சொன்னது முழுப்பொய் இல்லை, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கென்று அமெரிக்காவில் துரித நர்சிங் பட்டப்படிப்பு உண்டு. பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. 11 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் முடிந்துவிடும். முடித்தவர்களுக்குக் கிடைப்பதும் முழுமையான பி.எஸ்.என்., அதாவது நர்சிங் இளநிலைப் பட்டம்தான். இதை எனக்கு விளக்கமாகச் சொன்னவள் மண்டபம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. பிளஸ் டூ முடித்த சமயத்தில், அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தவள். மதுரையில் விலங்கியல் படித்தாள், கல்யாணமாகிக் கணவரோடு டெக்சாஸ் போனாள், அங்கே இந்தப் படிப்பில் சேர்ந்தாள். படிக்கிற காலத்தில் அவளுடைய ராத்திரி எனக்குக் காலை என்பதால் நான் டீ குடிக்கிற நேரத்தில் அடிக்கடி போன் வரும். பாதி நாள் புலம்பல், பாதி நாள் சிரிப்பு.

அவள் படித்தது 15 மாதம். ஆனால் அந்த 15 மாதத்தின் வாசலுக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. முதலில் நம் ஊர் டிகிரியை அங்கே ஒரு தனி நிறுவனத்திடம் கொடுத்து மதிப்பிட்டு வாங்க வேண்டும். நம் மூன்று வருடப் பட்டத்தை அங்கே எல்லாரும் முழுப் பட்டமாக ஏற்பதில்லை. கல்லூரிக்கு என்ன தரம், எந்த வகுப்பில் தேறினாள் என்றெல்லாம் பார்ப்பார்கள். அவளுக்கு ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து, சேர்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய பாடங்கள்: மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் லேபோடு இரண்டு செமஸ்டர், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், சத்துணவு, உளவியல். விலங்கியல் படித்தவள்தானே என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருந்த பையன்களோடு உட்கார்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தாள். அதற்குப் பிறகு ஒரு நுழைவுத் தேர்வு. அப்புறம்தான் இடம்.

ஆக, ஒன்றரை வருடம் முன்னே, 15 மாதம் நடுவே, லைசென்ஸ் தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் பின்னே. கூட்டிப் பாருங்கள், மூன்று வருடம். இதில் வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் கணவர் சம்பளத்தில் ஓடியது. உங்கள் மகளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

படிப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். துரிதம் என்றால் பாடத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். குறைவது லீவு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் நின்று கழிக்க வேண்டிய மணிநேரம் நான்கு வருடக்காரர்களுக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே இவர்களுக்கும். காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும், 12 மணிநேர ஷிஃப்ட். திரும்பி வந்து மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டும். தேர்ச்சிக்கு 78. வகுப்புத் தோழி ஒருத்தி 77.6 வாங்கினாள். அதை 78 ஆக்கித் தரவில்லை. இரண்டு பாடத்தில் தவறினால் வெளியே என்பது அங்கே விதி. அவள் வெளியே போனாள், கட்டிய பணம் திரும்பவில்லை.

மருந்துக் கணக்குத் தேர்வு ஒன்று தனியாக வரும். அதில் ஒரு கேள்வியை எனக்கு அனுப்பி, “சார், போட்டுப் பாருங்க” என்றாள். 500 மில்லி பாட்டிலில் 25,000 யூனிட் ஹெப்பாரின் இருக்கிறது. நோயாளிக்கு மணிக்கு 1,200 யூனிட் ஏற வேண்டும். பம்பில் மணிக்கு எத்தனை மில்லி வைப்பாய்? ஒரு மில்லியில் 50 யூனிட், அப்படியானால் 24 மில்லி. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். இவளும் சரியாகத்தான் போட்டாள், ஆனால் விடையை 24.0 என்று எழுதினாள். தப்பு என்று அடித்துவிட்டார்கள். கையெழுத்தில் அந்தப் புள்ளி மங்கிப்போனால் 24.0 என்பது 240 ஆகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து பத்து மடங்கு உள்ளே போனால் என்ன ஆகும்? அதனால் முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்துச் சுழி போடக் கூடாது, அரை என்று எழுதினால் புள்ளிக்கு முன்னால் சுழி போடாமல் விடக் கூடாது. அன்று ராத்திரி அழுதுகொண்டே போன் பண்ணினாள். எனக்கு அந்த ஆசிரியர் மேல் மரியாதைதான் வந்தது, அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இன்னொரு நாள், எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு உடம்பு துடைத்துவிடச் சொன்னார்கள். பக்கவாதம், வலது பக்கம் அசையாது. “எங்க அப்பாவுக்குக்கூட நான் இதைச் செஞ்சதில்ல சார்” என்றாள். கை நடுங்கத் துணியை நனைத்துக்கொண்டு போனவளை ஆசிரியர் நிறுத்தி, “தண்ணீரை உன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டாராம். பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் சூடு தெரியாது, கொதிக்கிற தண்ணீராக இருந்தாலும் வாய் திறந்து சொல்ல முடியாது. அதற்குப் பிறகு எந்த வார்டிலும் அவள் மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்காமல் ஒரு பேசினைத் தூக்கியதில்லை.

முடித்தாள். என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வையும் முதல் தடவையிலேயே தேறினாள். கணினியில் எழுதும் தேர்வு, நாம் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறிக்கொண்டே வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அவளுக்கு 85-லேயே திரை அணைந்துவிட்டது. தோற்றுவிட்டோம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாளாம். ஆனால் பாருங்கள், அவள் இருந்தது கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில். அதில் படிக்கலாம், தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்க முடியாது. அந்த அனுமதி வர ஐந்து மாதம். “லைசென்ஸை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன் சார், தினமும் பால் எடுக்கும்போது பாத்துக்குவேன்” என்பாள்.

உங்கள் மகள் போனால் எஃப்-1 மாணவர் விசாவில் போவாள். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வேலை பார்க்கலாம் என்று ஏட்டில் இருக்கும். இந்தப் படிப்பில் அதற்கு மூச்சுவிட நேரம் கிடையாது. முடித்த பிறகு 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற 24 மாதம் நர்சிங்குக்குக் கிடையாது. சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி என்ற வேலை விசா கிடைப்பதும் அபூர்வம். கிரீன் கார்டு என்றால் இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கிற வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நீள்கிறது. அந்த ஆள் சொன்னதில் பொய்ப் பாதி இதுதான். கட்டணத்தையும் சொல்லியிருக்க மாட்டார். தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஒரு டாலர் 85 ரூபாய் என்று போட்டாலே 42 லட்சத்துக்கு மேல். 2 லட்சம் வெறும் தூண்டில் இரை, அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இங்கே என்ன இருக்கிறது?

இந்தியாவில் அப்படி ஒரு வருட, ஒன்றரை வருட நர்சிங் பட்டம் கிடையவே கிடையாது. வேறு டிகிரி வைத்திருப்பவர்களை நடுவில் சேர்த்துக்கொள்கிற ஏற்பாடும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். ஜி.என்.எம். டிப்ளமா மூன்று வருடம். டிப்ளமா முடித்து, மேற்கொண்டு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்தால் பட்டம் வரும், ஆக மொத்தம் ஐந்து வருடம். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரைக்கும் “ஒரே வருடத்தில் நர்ஸ், நூறு சதவீத வேலை” என்று தட்டி வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொடுப்பது உதவியாளர் வேலை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அந்த வேலைக்கும் ஆள் வேண்டும். ஆனால் அதை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் வாங்க முடியாது. பதிவு எண் இல்லையென்றால் எத்தனை வருடம் வெள்ளை உடை போட்டாலும் அரசு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் விண்ணப்பிக்கக்கூட முடியாது.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. நர்சிங். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கிறாள். தமிழ்நாட்டில் இதற்கு நீட் கேட்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் அரசுக் கலந்தாய்வு. அரசுக் கல்லூரியில் கிடைத்தால் கட்டணத்தைப் பற்றி நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. தனியார் என்றால் வங்கிக் கல்விக் கடன், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கேட்கலாம். மேலாளர் முதல் தடவை இழுத்தடிப்பார், இரண்டாவது தடவை நானும் கூட வருகிறேன்.

“திரும்ப நாலு வருஷமா, அந்த மூணு வருஷம் கடல்ல கொட்டினதா?” என்று கேட்டிருந்தீர்கள். கொட்டவில்லை. நர்சிங்கிலும் நுண்ணுயிரியல் ஒரு பாடம், மற்ற பிள்ளைகள் திணறும்போது அவள் மடமடவென்று போய்விடுவாள். பின்னாளில் ஆஸ்பத்திரித் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இந்த இரண்டு படிப்பும் சேர்ந்த ஆளுக்குத் தனி மதிப்பு. முடித்தபின் அமெரிக்க ஆசை இன்னும் இருந்தால் அதே என்கிளெக்ஸ் தேர்வை இந்திய நர்சிங் பட்டத்தை வைத்தே எழுதலாம், 42 லட்சம் தேவையில்லை. கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிற வளைகுடா நாடுகளுக்கோ ஜெர்மனிக்கோ போவதென்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. இரண்டு வருடம் வார்டு அனுபவம் சேர்த்துக்கொண்டு அங்கே போய்ப் பதியலாம். ராமநாதபுரத்திலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஒரு காலத்தில் கொஞ்சம் மோசமான நோயாளி என்றாலே மதுரைக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது இங்கேயே ஆள் தேவைப்படுகிறது.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது மட்டும் என் பழைய தப்பை நீங்கள் செய்யாதீர்கள். இந்தத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், ஒரு ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான புத்தகத்தை நம்பி, தேவிபட்டினத்துப் பிள்ளை ஒருத்தியை வெளிமாநிலக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பி வைத்தேன். பெரிய கட்டடம், வாசலில் நீரூற்று எல்லாம் இருந்தது. கூடவே ஆஸ்பத்திரி இல்லை, வார்டுக்கு வாரம் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். இரண்டாம் வருடம் அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. அவளுடைய அசல் சான்றிதழைத் திரும்ப வாங்க அவள் அம்மா ஆறு தடவை ரயிலேறினார். நான் இரண்டு தடவைதான் கூடப் போனேன், அது இன்னும் உறுத்துகிறது. அதனால் அங்கீகாரம் இந்த வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று கவுன்சில் பட்டியலிலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் நாமே பார்ப்போம். எத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கேட்போம். அசல் சான்றிதழை வைத்துக்கொள்வோம் என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவோம்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் ஒன்று தோன்றுகிறது. உங்கள் குரல் பதிவு ஏழு நிமிடம். அதில் அமெரிக்கா வருகிறது, படகு வருகிறது, மச்சான் பையன் கனடா போனது வருகிறது. மகள் என்ன சொன்னாள் என்பது ஒரு இடத்திலும் வரவில்லை. அவளுக்கு நர்ஸ் வேலை பிடிக்குமா? உங்கள் அம்மா ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் துணைக்கு இருந்தது? அவள் இருந்தாளா, இருந்தால் பெட்பேன் எடுத்தாளா, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றாளா? அருவருப்பு எல்லாருக்கும் உண்டு, பழகினால் போய்விடும். ஆனால் வார்டு என்றாலே ஓடிவிட வேண்டும் என்று தோன்றுகிற பிள்ளையை நாம் தள்ளிவிடக் கூடாது. அப்படியானால் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இருக்கிறது, ஆய்வகப் படிப்பு இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

படகு கரையில்தானே கிடக்கிறது, இந்த வாரத்திலேயே ஒரு நாள் வாருங்கள். மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டிகிரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். அந்த ஆளிடம் ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அதற்கான ரசீதும் வேண்டும். முதல் அரை மணிநேரம் நீங்கள் கீழே டீக்கடையில் இருங்கள். பிள்ளையோடு நான் தனியாகப் பேச வேண்டும்.