சங்கம் 25,000 ரூபாய் தருகிறது, மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 37 வயது. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஜவுளிக்கடையில் மாதம் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பிள்ளைகள் இரண்டு பேர். பக்கத்து ஊரில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ சேரலாம் என்று நினைக்கிறேன். பகல் முழுக்க வகுப்பு, கட்டணம் 60,000 ரூபாய். எங்கள் ஊர் ரோட்டரி சங்கம் 25,000 ரூபாய் உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஜூனில் பாதி, டிசம்பரில் பாதி. மீதி 35,000 ரூபாய்க்கு என் சங்கிலியை அடகு வைக்கலாமா? உதவித்தொகைக்கு வரி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: வரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. உங்கள் வருமானம் எப்படியும் வரி கட்டும் அளவை எட்டாது.

சங்கிலியை இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

படிப்புக்கு 60,000 ரூபாய் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க வகுப்பு என்றால் கடை வேலை போய்விடும். பன்னிரண்டு மாதச் சம்பளம் 1,08,000 ரூபாய். சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று ஒரு 7,000 வைத்துக்கொள்வோம். பஸ் செலவைச் சேர்க்கவில்லை, சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் இல்லையே. ஆக மொத்தம் 1,75,000 ரூபாய். சங்கம் தருவது அதில் ஏழில் ஒரு பங்கு.

சங்கம் தருவது போக உங்கள் தலையில் விழுவது ஒன்றரை லட்சம். படித்து முடித்தபின் 10,000 ரூபாய் சம்பளம் என்றால், இப்போது வாங்குவதைவிட ஆயிரம்தான் கூடுதல். ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுக்க 150 மாதம், அதாவது பன்னிரண்டரை வருடம் ஆகும். அதுவே 15,000 கிடைத்தால் 25 மாதத்தில் எடுத்துவிடலாம். அந்தச் சம்பளம் எவ்வளவு என்பது தெரியாமல் அடகுக் கடைப் படி ஏறக்கூடாது. இரண்டு வட்டி என்றால் 35,000 ரூபாய்க்கு மாதம் 700, வருடம் 8,400. வேலைக்குப் போகாத வருடத்தில் அதை எங்கிருந்து கட்டுவீர்கள்?

பயிற்சி நிலையத்தாரிடம் சம்பளம் கேட்காதீர்கள், அவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். போன வருடம் முடித்த நாலு பேரின் நம்பர் வாங்கி நேராகப் பேசுங்கள். நீங்கள் வேலைக்குப் போக நினைக்கும் நர்சிங் ஹோமிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொன்று, இந்த ஒரு வருட டிப்ளமோ உங்களை நர்ஸ் ஆக்காது. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் மாதிரி அங்கீகாரம் பெற்ற படிப்பு ஒன்றை முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். உதவியாளர் வேலை கௌரவமானதுதான். ஆனால் நர்ஸ் சம்பளத்தை மனதில் வைத்து இந்தக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்றால், அதே வேலைக்கான குறுகிய காலப் பயிற்சியை, ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட் என்ற பெயரில், அரசுத் திட்டங்கள் இலவசமாகவே நடத்துகின்றன. கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் பெண்களுக்கு 45 வயது வரை இடமுண்டு. கலெக்டர் ஆபீஸில் மகளிர் திட்ட அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போங்கள், எந்தப் பேட்ச் எப்போது என்று சொல்வார்கள். வேறு தொழிலும் பரவாயில்லை என்றால் அரசு ஐ.டி.ஐ.யையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பு கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

அப்படி இலவசமாக இடம் கிடைத்தால் சங்கத்துப் பணம் வீணாகுமா? ஆகாது. அதை வேறு விதமாகக் கேட்கலாம். இப்படி ஒரு சங்கத்தின் உதவித்தொகைக் குழுவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். ஒரு பெண் இலவசத் தையல் பயிற்சியை முடித்துவிட்டு, ஓவர்லாக் மெஷினுக்குக் கொட்டேஷனும், மாதம் எத்தனை பிளவுஸ், ஒன்றுக்கு எவ்வளவு கூலி என்று நோட்டுத்தாளில் போட்ட கணக்குமாக வந்து நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோரும் தலையாட்டிவிட்டோம். கஷ்டத்தை மட்டும் சொன்னவர்களுக்காகத்தான் மணிக்கணக்கில் விவாதித்தோம். நீங்களும் அப்படி ஒரு தாளோடு போய், கட்டணத்துக்குப் பதிலாகப் பயிற்சிக் காலத்து வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தனி ஒருவருக்குச் சிறு தொகை பெரும்பாலும் உள்ளூர் உறுப்பினர்கள் போடும் பணத்திலிருந்துதான் வரும், அதனால் வளைந்து கொடுக்க அவர்களால் முடியும்.

அந்த டிசம்பர் தவணைதான் எனக்கு உறுத்துகிறது. ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் சங்க ஆண்டு ஜூன் 30-உடன் முடிகிறது. ஜூலை 1 முதல் புதுத் தலைவர், புதுப் பொருளாளர், புது முன்னுரிமை. பழைய தலைவர் வாயால் சொன்னதைப் புதியவர் மறுத்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு தவணையும் தீர்மானமாகக் கூட்டக் குறிப்பில் ஏறட்டும், லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள், எடுக்கட்டும். நிஜக் காசோலை என்றைக்கு, யார் பெயரில் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

எல்லாம் விசாரித்து, இந்தப் படிப்புதான் என்று முடிவானால், அடகுக்கு முன் வங்கியில் திறன் மேம்பாட்டுக் கடன் கேளுங்கள். பிணை தேவையில்லை, வரம்பை 2024-ல் ஏழரை லட்சமாக உயர்த்திவிட்டார்கள். படித்து முடித்துச் சில மாதம் கழித்துத்தான் தவணை தொடங்கும். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில், அதாவது தொழிற்பயிற்சிகளைத் தரம் பிரிக்கும் மத்திய அரசின் பட்டியலில் வரும் படிப்புக்கும், ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் என்ற அரசுத் தளத்தில் சேர்க்கப்பட்ட படிப்புக்கும்தான் தருவார்கள். உங்கள் டிப்ளமோவுக்கு இந்தக் கடன் கிடையாது என்று மேனேஜர் சொன்னால், கோபப்படாமல் ஏன் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்த நாலு பேர் சொல்லும் சம்பளத்தை எனக்கு எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.