குழாய் தொடர்கிறது, ட்ரேஸ் மட்டும் ஏன் நிற்கிறது?

கேள்வி: மட்டக்களப்பு நகரத்தையும் அதன் தெற்குக் கரையோரத்தையும் சேர்ந்த குடிநீர்க் குழாய்களை ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்னும் வரைபட மென்பொருளின் யூட்டிலிட்டி நெட்வொர்க்கில் (குழாய் வலையமைப்பின் இணைப்புகளைப் பதிந்து வைக்கும் பகுதி) ஏற்றியிருக்கிறோம். கல்லடியிலிருந்து ட்ரேஸ் (இணைந்த குழாய்களைத் தொடர்ந்து சென்று தெரிவுசெய்யும் கருவி) ஓட்டினால் நாவற்குடாவிலேயே நின்றுவிடுகிறது. வரைபடத்திலோ குழாய் காத்தான்குடி வரை அறுபடாமல் செல்கிறது. வேறோரிடத்தில், மூடியதாகக் குறித்திருக்கும் வால்வையும் தாண்டி ஓடுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் தனித்தனிப் பிழைகள், ஒன்றாகச் சேர்த்துத் தேடினால் இரண்டுமே பிடிபடாது. முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் கோடுகளை ட்ரேஸ் படிப்பதில்லை. கடைசியாக வலிடேட் செய்தபோது, அதாவது மாற்றங்களைச் சரிபார்த்துச் சேர்த்தபோது, அந்தக் கோடுகளிலிருந்து மென்பொருள் உருவாக்கி வைத்த டோப்போலஜியையே (எது எதோடு இணைகிறது என்ற பதிவை) அது படிக்கிறது. இன்று காலை நீங்கள் பொருத்திய குழாய் வலிடேட் செய்யப்படவில்லையென்றால், ட்ரேஸைப் பொறுத்தவரை அந்தக் குழாய் இன்னும் இல்லை.

ஆகவே, மாற்றியும் இன்னும் வலிடேட் செய்யாத இடங்களைக் காட்டும் டேர்ட்டி ஏரியா அடுக்கை இயக்கிவிட்டு, நாவற்குடாப் பகுதியை மட்டும் திரையில் வைத்து வலிடேட் செய்யுங்கள். ட்ரேஸ் கருவியில் வலிடேட் கன்சிஸ்டன்ஸி என்றொரு தெரிவுப் பெட்டி உண்டு. அது இயங்கும்போது, ட்ரேஸ் செல்லும் வழியில் டேர்ட்டி ஏரியா குறுக்கிட்டால் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அந்தச் செய்தியைத் தவிர்ப்பதற்காகப் பலர் பெட்டியில் உள்ள அடையாளத்தையே எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்தத் தெருவுக்கு நாளை நீர் வராது என்று மக்களுக்கு அறிவிப்பதற்கே இந்த முடிவு பயன்படப்போகிறது. பழைய இணைப்புகளை வைத்துக் கணித்த முடிவு, அறிவித்தல் கிடைக்காத ஒரு வீட்டின் குழாயை வற்றச் செய்யும்.

வலிடேட் செய்த பிறகும் நின்றால், அறுந்த இடத்தை இரு புறமிருந்தும் நெருங்குங்கள். கல்லடியில் தொடங்கும் கனெக்டட் ட்ரேஸ் (இணைந்த எல்லாவற்றையும் தொடரும் ட்ரேஸ் வகை) எந்தக் குழாயில் முடிகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, காத்தான்குடிப் பக்கத்தில் தொடக்கப்புள்ளி வைத்து மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் அந்தச் சிறு இடைவெளியில், பெரும்பாலும் ஒரு மூட்டிலோ ஒரு குழாய் முனையிலோதான், பிழை இருக்கும். முழுத் தரவையும் துழாவ வேண்டியதில்லை.

அங்கே நான் முதலில் பார்ப்பது Z பெறுமதியை, அதாவது உயரத்தை அல்லது ஆழத்தை. யூட்டிலிட்டி நெட்வொர்க்கில் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருப்பதால் இணைய வேண்டுமென்றால் X, Y மட்டுமல்லாமல் Z-உம் பொருந்த வேண்டும். வழமையாக வைக்கப்படும் சகிப்பளவு 0.001 மீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றர். மூட்டைச் சொடுக்கி, புள்ளிகளின் X, Y, Z பெறுமதிகளைக் காட்டும் எடிட் வெர்ட்டிசஸ் அட்டவணையைத் திறந்து, குழாய் முனையின் பெறுமதிகளோடு ஒப்பிடுங்கள். நிலமட்டத்துக்குக் கீழான ஆழத்தோடு ஏற்றிய குழாயின் முனையில் -1.2 என்றும், உயரமே இல்லாத பழைய ஷேப் கோப்பிலிருந்து (வரைபடத் தரவுக் கோப்பு வகை) வந்த டீ மூட்டில் 0 என்றும் இருந்தால், மேலிருந்து பார்க்கும்போது மிகச் சரியாக ஒட்டியிருக்கும் அந்த இரண்டுக்கும் நடுவில் 1.2 மீற்றர் வெளி இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இருபரிமாண வரைபடத்தில் அது தெரியாது.

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்துதான் கரையோர ஊர்களை அடைய வேண்டும். குழாய் மண்ணுக்கடியிலிருந்து மேலேறிப் பாலத்தோடு செல்லுமிடங்களில் இந்தப் பிழை எளிதாக நுழையும். என் ஆலோசனை: ஆழம் முறையாக அளக்கப்படாத தரவாக இருந்தால் Z-ஐ எல்லா இடத்திலும் 0 ஆக வைத்து, ஆழத்தைத் தனிப் புலத்தில் பதியுங்கள். உண்மையான ஆழமும் 0-உம் கலந்து கிடப்பதுதான் ஆபத்து. ஆனால் செங்குத்தாக ஏறும் குழாய்த் துண்டுகளைத் தனியே கவனியுங்கள். Z-ஐ ஒன்றாக்கினால் அவற்றின் நீளமே இல்லாமற்போகும்.

Z சரியாக இருந்தும் இணையவில்லையென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். பிரதான குழாயின் நடுவில் கிளை புறப்படும் இடத்தில் பிரதான குழாய்க்கு ஒரு வெர்ட்டெக்ஸ் (கோட்டை வரையறுக்கும் புள்ளி) இருக்க வேண்டும். அத்துடன் அந்தக் குழாய் வகையின் இணைப்புக் கொள்கை, முனையில் மட்டும் என்றில்லாமல் எந்த வெர்ட்டெக்ஸிலும் இணைய அனுமதிக்க வேண்டும். மற்றது விதி. அந்த வகைக் குழாய் அந்த வகை மூட்டோடு இணையலாம் என்று நெட்வொர்க் விதியில் எழுதப்படாவிட்டால், பொருள்கள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் இணைப்பு உண்டாகாது. ஏற்றும்போது வகை தெரியாமல் ‘அன்னோன்’ (தெரியாதது) என்று விடப்பட்ட மூட்டுகளில் இதை அடிக்கடி காணலாம். வலிடேட் செய்யும்போது பிழை அடுக்கில் இவை பதிவாகும். ஒரே புள்ளியில் இரண்டு மூட்டுகள் அடுக்கப்பட்டிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

இனி மூடிய வால்வு. கனெக்டட் ட்ரேஸ் இணைப்பை மட்டுமே பின்பற்றும். வால்வு திறந்திருக்கிறதா என்று தானாகக் கேட்காது. வால்வின் நிலையைக் கண்டிஷன் பேரியராக (ட்ரேஸை நிறுத்தும் நிபந்தனையாக) நீங்களே கொடுக்க வேண்டும், அல்லது அந்த நிபந்தனை ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட சப்நெட்வொர்க் ட்ரேஸைப் (ஒரு விநியோக வலயத்துக்குள் ஓடும் ட்ரேஸ்) பயன்படுத்த வேண்டும். எந்த வால்வுகளை மூடினால் ஓர் இடத்தைத் தனிமைப்படுத்தலாம் என்பதே கேள்வியானால், ஐசொலேஷன் ட்ரேஸ்தான் உரியது. நிபந்தனை கொடுத்தும் தாண்டினால், வால்வின் நிலையை மாற்றிய பின் வலிடேட் செய்தீர்களா என்று பாருங்கள். நிலை நெட்வொர்க் ஆட்ரிபியூட்டோடு (ட்ரேஸ் படிக்கும் பண்புப் புலம்) பிணைக்கப்பட்டிருப்பதால் அதன் பெறுமதியும் டோப்போலஜிக்குள் சேமிக்கப்படுகிறது. அட்டவணையில் ‘மூடியது’ என்றிருக்க, ட்ரேஸ் பழைய ‘திறந்தது’ என்பதையே படித்துக்கொண்டிருக்கலாம்.

திருத்திய பின், முன்பு ஓட்டிய அதே இரண்டு தொடக்கப்புள்ளிகளிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டும் ஒரே குழாய்களைத் தெரிவுசெய்தால் இணைப்பு நேராகிவிட்டது. பிறகு அந்தப் பட்டியலை, களத்தில் வால்வுகளைத் திறந்து மூடும் ஊழியரிடம் காட்டி, எந்த ஒழுங்கைக்கு நீர் நிற்கும் என்று அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.