‘ஃபுல் இன்சூரன்ஸ்’ போட்ட லாரிக்கு ஏன் பாதிப் பணம்?

கேள்வி: ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர லாரி வைத்திருக்கிறேன். வண்டிக்கு நாலரை வயது. ஃபைனான்ஸ் பாக்கி இன்னும் ஏழு லட்சம். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி வரும்போது சித்ரதுர்கா தாண்டி மழையில் முன்னால் போன வண்டியின் பின்னால் இடித்து, கேபின் நசுங்கிவிட்டது. டிரைவருக்குச் சின்னக் காயத்தோடு போயிற்று. மொத்தச் செலவு 4,20,000 ரூபாய். இன்சூரன்ஸில் 1,97,000தான் தருவார்களாம். நான் ஃபுல் இன்சூரன்ஸ் போட்டவன். பாதிகூட வரவில்லையே, இது ஏமாற்று இல்லையா? அவர்கள் அனுப்பிய வவுச்சரில் கையெழுத்துப் போடலாமா? அடுத்த வருடம் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிடலாமா?
— வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: ‘இந்தத் தொகைக்குச் சம்மதம்’ என்று சொல்லும் அந்த வவுச்சரில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணம் சின்னதுதான், ஆனால் 7,000 ரூபாய் காரணம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

நல்லவேளையாகப் பட்டறை பில், சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் போட்ட கணக்கு, பாலிசி மூன்றையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பாலிசித் தாளில் எங்கே தேடியும் ‘ஃபுல்’ என்ற வார்த்தை இல்லை. அது ஏஜென்ட்டுகளும் நாமும் பேசிப் பேசிப் பழக்கிக்கொண்ட சொல். தாளில் இருப்பது ‘பேக்கேஜ் பாலிசி’. அதில் தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது, ஒரு பாதி. அது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம், அதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த விகிதப்படி 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிக்கு 43,950 ரூபாய். இன்னொரு பாதி ஓ.டி., அதாவது உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கானது. உங்கள் பாலிசியில் அதற்குக் கட்டியது 11,000 ரூபாய். வண்டியைக் காப்பாற்றுவது இந்தச் சின்னத் தொகைதான். பெரிய தொகை முழுக்க மற்றவர்களுக்காக.

சரி, பணம் எங்கே போயிற்று என்று பார்ப்போம்.

கேபினின் இரும்புச் சாமான்கள் 1,60,000. வண்டி நான்கு வயதைத் தாண்டி ஐந்துக்குள் இருப்பதால் தேய்மானம் 35 சதவீதம், கிடைத்தது 1,04,000. டேஷ்போர்டு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் 58,000. இவற்றுக்குப் புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் பாதிதான், 29,000. டிங்கரிங் கூலி 60,000 முழுதாக வந்திருக்கிறது, கூலிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. கிரேன் வைத்து இழுத்ததற்கு நீங்கள் கொடுத்தது 20,000. பாலிசியில் அதற்கு உச்சவரம்பு 2,500. இரவில் ஹைவேயில் கிரேன்காரர் கேட்பதற்கும் இந்த 2,500க்கும் சம்பந்தமே இல்லை என்பது லாரி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கூடுதல் தொகைக்குத் தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பாலானோர் சேர்ப்பதில்லை.

இதுவரை வந்தது ஊரறிந்த கணக்கு. உங்களை உண்மையில் அடித்தது வேறு. பம்பர், ஹெட்லைட், மட்கார்டு 48,000, முன் டயர் ஒன்று 24,000, பெயின்டிங் 36,000. மூன்றுக்கும் சர்வேயர் போட்டிருப்பது பூஜ்யம். ஆக 1,08,000 ரூபாய்க்கு ஒரு பைசா இல்லை.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியவில்லை. கார் பாலிசிக்கும் லாரி பாலிசிக்கும் இங்கேதான் வித்தியாசம். லாரிக்கு விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பாகங்கள், பம்பர், பெயின்ட் இவை ஓ.டி.யில் தானாக அடங்காது. வண்டி மொத்தமாகப் போனால் மட்டும்தான் இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மற்ற விபத்துகளில் இவற்றுக்கும் பணம் வர வேண்டுமானால் ‘ஐ.எம்.டி. 23’ என்ற இணைப்பைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதற்கு ஓ.டி. பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதல். உங்கள் 11,000க்கு ஏறக்குறைய 1,650 ரூபாய். பாலிசியின் முதல் பக்கத்தில், கீழே பொடி எழுத்தில் ஐ.எம்.டி. எண்கள் வரிசையாக இருக்கும். உங்களுடையதில் 21 இருக்கிறது, 23 இல்லை. 21 என்பது மேலே சொன்னவற்றை விலக்கி வைக்கிற விதி.

23 இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? பம்பரும் லைட்டும் பிளாஸ்டிக் என்று வைத்துப் பாதி, 24,000. டயருக்குப் பாதி, 12,000. பெயின்டிங்கில் சாமான் செலவு கால் பங்கு என்று எடுத்து, அதில்தான் பாதி கழிப்பார்கள். ஆகவே 36,000க்கு 31,500 வரும். கூட்டினால் 67,500.

லாரி முகப்பில்தான் இடிக்கும். முகப்பில் இருப்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிற சாமான்கள்தான். அப்படியிருக்க 23 இல்லாத பாலிசியை லாரிக்காரருக்கு விற்பது என்ன நியாயமோ, எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் ஏஜென்ட்டை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. ‘அந்த ஆள் இதைவிட ரெண்டாயிரம் கம்மியா சொல்றாரே’ என்று நாமும் கேட்கிறோம். அவரும் எங்கேயாவது வெட்டித்தானே கம்மி பண்ண வேண்டும்?

வெட்டுகிற இன்னொரு இடம் ஐ.டி.வி. இதுதான் இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வண்டிக்கு வைக்கும் மதிப்பு. ஐந்து வயது வரை அட்டவணை உண்டு. நான்கிலிருந்து ஐந்து வயதுக்குப் புது விலையில் பாதி. ஐந்தைத் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. உங்கள் அடுத்த ரினியூவல் அந்தக் கட்டத்தில்தான் வரப்போகிறது. இந்த கிளைமால் 45 சதவீத என்.சி.பி.யும், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடியும், பூஜ்யமாகிவிடும், ஓ.டி. பிரீமியம் 20,000 பக்கம் போகும். அதைக் கீழே கொண்டுவர ஏஜென்ட் ஐ.டி.வி.யைச் சத்தமில்லாமல் குறைப்பார். விடாதீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. எட்டு லட்சம் என்று எழுதியிருந்தால், ஆறு லட்சத்தைத் தாண்டும் ரிப்பேரிலேயே வண்டி கணக்கிலிருந்து போய்விடும். வருகிற பணமும் முதலில் ஃபைனான்ஸ்காரருக்குத்தான் போகும். அப்புறம் பாடி. சேஸ் (பாடி இல்லாத அடிச்சட்ட வண்டி) வாங்கி வெளியில் பாடி கட்டினவர்கள், பாடி விலையும் ஐ.டி.வி.யில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேஸ் பில்லை மட்டும் வைத்து முதல் வருடம் போட்ட பாலிசியே வருடா வருடம் நகலாகிக்கொண்டு வரும். உங்களுடையதில் சேர்ந்திருக்கிறது, பார்த்துவிட்டேன்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போடும் யோசனை வேண்டாம். ஏழு லட்சம் பாக்கி இருக்கும்போது ஃபைனான்ஸ்காரர் விட மாட்டார், கடன் பத்திரத்திலேயே அந்த நிபந்தனை இருக்கும். வண்டி எரிந்து போனாலும் திருடு போனாலும் டியூ மட்டும் நிற்காது. கடன் முடிந்து, வண்டிக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதாகி, உள்ளூர் லோடு மட்டும் ஓட்டுகிறபோது மறுபடி கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்லலாம்.

பட்டறையில் நாற்பது நாள் நின்றதற்கு நஷ்டம் கேட்க முடியுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நனைந்த மக்காச்சோளத்துக்காகச் சரக்குக்காரர் வாடகையில் பிடித்ததும் இந்தப் பாலிசியில் வராது, சரக்குக்குத் தனிப் பாலிசி.

இப்போது அந்த 7,000. சர்வேயர் கணக்கில் ஆறாவது வரியைப் பாருங்கள்: முன் கண்ணாடி 14,000, தேய்மானம் 50 சதவீதம், அனுமதித்தது 7,000. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. பிளாஸ்டிக் வரிசையோடு சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த 7,000ஐயும் சேர்த்து எல்லா வரிகளையும் கூட்டிப் பார்த்தேன், 2,02,500 வருகிறது. கட்டாயக் கழிவும் (கிளைமில் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய தொகை) பழைய இரும்பு மதிப்பும் சேர்த்து 5,500 போனால் 1,97,000. கூட்டல் சரி, அந்த ஒரு வரிதான் தப்பு.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, கிளைம் எண்ணும் அந்த வரியும் குறிப்பிட்டு ஒரு ஈமெயில் போடுங்கள். சண்டை வேண்டாம், நாலு வரி போதும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். திருத்திய கணக்கில் 2,04,000 என்று வந்ததும் வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள்.